ஒற்றை வினா

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், திங்கட்கிழமை காலையில் வஞ்சிக்கொடியின் மெஸ் பூட்டிக் கிடக்கும். அந்தத் தெருக்காரர்கள் அன்றைக்கு வேறு எங்காவது இட்லி தேடிக்கொள்ள வேண்டியதுதான். அவள் தன் கணவர் நாச்சிமுத்துவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, நொய்யல் பாலத்தைத் தாண்டி, புற்றுக்கட்டிக்கு மருந்து ஏற்றும் குறியகத்துக்குப் போய்விடுவாள். அங்கே வாசலில் செருப்பைக் கழற்றிவைப்பது போல வாயையும் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மெஸ்ஸில் நாள் முழுக்க நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகியவளுக்கு அது பெரிய தண்டனை.

முழு ஊமையாக இருக்க வேண்டும் என்றில்லை. மழையைப் பற்றிப் பேசலாம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம், பனியன் கம்பெனிகளில் ஆளே இல்லாமல் மிஷினே தைப்பதைப் பற்றி மணிக்கணக்கில் புலம்பலாம். உடம்பைப் பற்றி மட்டும் மூச்சுவிடக் கூடாது. வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. வலிக்கிறதா என்று கேட்கவும் கூடாது. காலையில் சாப்பாடு இறங்கியதா என்றுகூட விசாரிக்க முடியாது, பசியும் உடம்போடு சேர்த்திதானாம்! கூரையில் வரிசையாகக் கேட்புக் கருவிகள் பொருத்தியிருக்கிறார்கள். தப்பான வார்த்தை விழுந்தால் அந்த நாற்காலிக்கு மேலே ஆரஞ்சு விளக்கு ஒன்று எரியும். நாற்காலிக்கு மூன்று விளக்கு, மூன்றும் எரிந்துவிட்டால் சிகிச்சையை விட்டே ஆளை நீக்கிவிடுவார்கள்.

அதனால் குறியகத்துக்கு வருகிற ஜோடிகள் எல்லாம் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணமான புதிதில்கூட நாலு பேர் பார்க்கக் கையைத் தொடாதவர்கள்தான் வஞ்சியும் நாச்சிமுத்துவும். இங்கே வந்த பிறகு அவளே ஒரு வழக்கத்தைக் கண்டுபிடித்தாள். அவர் விரல்களை இரண்டு தரம் அழுத்துவாள். ‘பரவாயில்லைங்களா?’ என்று அதற்கு அர்த்தம். அவர் ஒரு தரம் திருப்பி அழுத்துவார். ‘பரவாயில்லை.’ எந்தக் கருவிக்கும் அது கேட்காது. கொஞ்ச நாளாக அவர் குனிந்து அவள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்த்துவிட்டு, அப்புறம்தான் திருப்பி அழுத்துகிறார். இந்த வயசில் இந்த மனுசனுக்கு வந்த ஆசையைப் பார் என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

எதிர்ச் சுவர் முழுக்கத் திரை. ஒவ்வொரு நாற்காலிக்கும் அதில் இரண்டு கோடுகள். காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் பதித்த சில்லு ஒன்று ரத்தத்தைப் படித்துப் படித்து அந்தக் கோடுகளை வரையும். சிவப்புக் கோடு கட்டிக் குறியம். குடலில் இருந்த கட்டியின் மரபணுத் துணுக்குகள் ரத்தத்தில் இன்னும் எவ்வளவு மிதக்கின்றன என்று அது சொல்லும். மஞ்சள் கோடு நரம்புக் குறியம். மருந்தின் உக்கிரத்தில் நரம்பிழைகள் சிதைந்தால் அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து கோடு மேலே ஏறும். சிவப்பு இறங்க வேண்டும், மஞ்சள் ஏறக் கூடாது. அவ்வளவுதான் வைத்தியம். டாக்டர் கோடுகளைப் பார்த்தால் போதும், ஆளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தக் கூத்து ஒரே நாளில் வந்துவிடவில்லை. நல்லது செய்வதாகத்தான் ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் நோயாளிகளிடம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார்களாம். ‘கை மரத்துப்போகிறதா?’ என்று கேட்டால், கேட்ட மாத்திரத்திலேயே சிலருக்கு மரத்துப்போனதாம். வெறும் உப்புநீர் ஏற்றியவர்கள்கூட வாந்தி எடுத்தார்களாம். பயந்துகொண்டு பாதி மருந்தில் ஓடிப்போனவர்களை, திரும்ப வந்த கட்டி கொண்டுபோனது. பேச்சுதான் ஆராய்ச்சியைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி, அதற்குச் சொல்மாசு என்று ஒரு பெயரையும் வைத்து, குறியப் பேரவை என்று ஒன்று உட்கார்ந்து சட்டமும் போட்டுவிட்டது. ரத்தம் பொய் சொல்லாது, வாய்தான் சொல்லும் என்றார்கள். அதற்குப் பிறகு நிறையப் பேர் பிழைத்தார்கள், அதை இல்லையென்று சொல்ல முடியாது. நாச்சிமுத்துவின் கட்டியே ஆடி மாதத்தில் கொய்யாக்காய் அளவுக்கு இருந்தது, இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை. ஆனால் பிழைத்தவர்கள் எந்த நிலைமையில் பிழைத்துக் கிடக்கிறார்கள் என்று கேட்க ஒரு நாதியில்லை. கேட்டால் மாசு! நல்ல சட்டம், நல்ல பேரவை!

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, மெஸ்ஸில் மத்தியானக் கூட்டம் நெரிந்தது. நாச்சிமுத்து ஒரு காலத்தில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். சிகிச்சை ஆரம்பித்த பிறகு மெஸ்ஸில் இலை போடுவது, தண்ணீர் வைப்பது என்று ஒத்தாசையாக இருக்கிறார். வஞ்சி சோறு வடிக்கப் பெரிய குண்டாவைச் சாய்த்தபோது கை நழுவிவிட்டது. கொதிக்கிற வடிகஞ்சி தரை முழுக்க ஓடியது. அவள் ஒரு பக்கம் குதித்தாள், மாவாட்டுகிறவள் இன்னொரு பக்கம் குதித்தாள். நாச்சிமுத்து வெறுங்காலோடு அந்தக் கஞ்சியின் நட்டநடுவில் நின்று, மேலே மாட்டியிருந்த துணியை எட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

“அம்மிணி, நீ அங்கயே நில்லு, வழுக்கி உட்டுரும்” என்றார் நிதானமாக.

“ஐயோ மாமா, காலு! காலு!”

அவர் குனிந்து பார்த்தார். கணுக்கால் வரைக்கும் ஆவி பறந்துகொண்டிருந்தது. “அட, சுட்டிருச்சாட்ட இருக்குது” என்றார், அடுத்த வீட்டுக்காரர் காலைப் பார்ப்பது போல.

உள்ளே கூட்டிப்போய், பொத்துப்போன தோலுக்கு மருந்து போட்டுக்கொண்டே அவள் அழுதாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு மழுப்பினார். “பாதந்தான் கொஞ்சம் மரத்துக் கெடக்குது, வேறொண்ணுமில்ல. வெளிய மூச்சு உட்டராதே. சொன்னா மாசுன்னு நம்மளத் தள்ளிப்போடுவாங்க. அப்பறம் கட்டி திரும்பி வந்தா எங்க போயி நிக்கறது?”

“கையி எப்படி இருக்குதுங்க?”

“கையெல்லாம் நல்லாருக்குது. நீ போயி பந்தியக் கவனி, சனம் எலைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குது.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆளைக் காப்பாற்றுகிற மருந்து ஒன்றுதான், அது கிடைக்கிற இடமும் ஒன்றுதான். வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும். பொத்துப்போன காலுக்கு மேலே ஒரு ஜோடி காலுறையை மாட்டிவிட்டு, மறுநாள் வழக்கம் போல வஞ்சி வண்டியை எடுத்தாள்.

குறியகத்துக்குள் நுழைந்ததுமே மணி அடித்தது. நாச்சிமுத்துவின் மஞ்சள் கோடு தரையைத் தொட்டிருந்தது! யாருடைய நரம்புக் குறியம் சுழியத்துக்கு வந்தாலும் இங்கே விழாதான். நர்சுகள் கைதட்டினார்கள், பக்கத்து நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள், ஒரு நர்சு தட்டில் மைசூர்பாகு கொண்டுவந்து நீட்டினாள். நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே ஒரு துண்டு எடுத்தார். அது விரல் நழுவிக் கீழே விழுந்தது. “கொழகொழன்னு நெய்யாட்ட இருக்குதுங்க” என்று சமாளித்தார். திரையில் பச்சை எழுத்தில் ஓடியது: நரம்புச் சேதம் சுழியம். இன்று முதல் இரட்டை அளவு மருந்துக்குத் தகுதி.

கொதிகஞ்சியில் நின்றது தெரியாத காலை வைத்துக்கொண்டு சேதம் சுழியமாம், அதற்கு மைசூர்பாகாம்! வஞ்சி எழுந்து நேராக டாக்டர் தமயந்தியின் அறைக்குப் போனாள். அந்த அறையில் மட்டும்தான் கூரைக் கருவிகள் கிடையாது. டாக்டர்கள் தங்களுக்குள்ளாவது பேசிக்கொள்ள வேண்டுமே. தமயந்தி தாராபுரத்துப் பெண், சின்ன வயது, பார்த்தால் தலையை ஆட்டிச் சிரிப்பாள். அவளிடம் இதுவரைக்கும் வஞ்சி பேசியதே மழையைப் பற்றித்தான்.

“ஏனுங்க டாக்டரு, என்ற ஊட்டுக்காரரு நேத்து கொதிகஞ்சியில நின்னாருங்க. காலு வெந்ததே அவருக்குத் தெரியலீங்க. உங்க கோடு என்னடான்னா நரம்புக்கு ஒண்ணுமில்லீங்குது. இது என்னங்க ஞாயம்?”

தமயந்தி எழுந்துவந்து கதவைச் சாத்தினாள்.

“கோடு பொய் சொல்லலீங்கம்மா. நரம்பு செதைஞ்சுட்டு இருந்தாத்தான் அது ஏறும். செதையறதுக்கு நரம்பே மிச்சமில்லீன்னாலும் அது தரையிலதான் கெடக்கும். பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான்.”

அப்படியென்றால் அவருக்குச் சிதைய நரம்பே மிச்சமில்லை என்று வஞ்சிக்குப் புரிந்தது.

“இது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?”

“தெரியும். பேரவைக்கு எழுதிக் கேட்டுட்டுத்தான் இருக்கேன். எதை வெச்சு இப்படிச் சொல்றேன்னு கேட்டாங்க. நோயாளிக நடக்கறதப் பாத்தேன், டம்ளரு புடிக்கறதப் பாத்தேன்னு சொன்னேன். கண்ணால பாத்ததும் மாசுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“தெரிஞ்சுமா மைசூர்பாகு குடுத்தீங்க?”

தமயந்தியால் தலையை நிமிர்த்த முடியவில்லை. தெரியாமல் செய்கிறவர்களை மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே மணியடித்து, கைதட்டி, இனிப்பும் கொடுத்து ஒரு மனுசனை மரக்கட்டையாக்குகிறார்களே, இவர்களை எதில் சேர்ப்பது?

“இன்னைக்கு ரெட்டிப்பா ஏத்துனா என்னங்க ஆவும்?”

“கை கால் நடமாட்டம் போயிரும். நெஞ்சுத் துடிப்ப நடத்தற நரம்பும் ஒண்ணு இருக்கு. அது தாங்குமான்னு என்னால சொல்ல முடியாதுங்கம்மா.”

“ஏத்தாம உட்டா?”

“கட்டிக் கோடு எப்பவோ தரைக்கு வந்திருச்சு. மருந்தையே நிறுத்திட்டுக் கொஞ்ச நாள் பாக்கலாம்னுதான் நான் நினைக்கறேன். திரும்பி வந்தா வெளிய பழைய மருந்துக இருக்கு. ஆனா நான் நினைக்கறதுக்கு இங்க எடமில்ல.” சொல்லிவிட்டு அவள் வஞ்சியை நேராகப் பார்த்தாள். “ஒரே ஒரு வழி இருக்கு. சட்டத்துல ஒற்றை வினான்னு ஒரு பிரிவு. மருந்து அளவை ஏத்தற அன்னைக்கு, டாக்டருக்குச் சந்தேகம் இருந்தா, நோயாளிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். ஆயுசுக்கும் ஒரு தடவைதான். நோயாளி என்ன சொல்றாரோ அதுதான் முடிவு. இந்தக் குறியகத்துல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. கேட்டா என் மேல விசாரணை வரும்.”

“கேளுங்க சாமி. உங்க காலுல வேணும்னாலும் உழுகறேன்.”

“கேட்கறேன். ஆனா அவருகிட்ட நீங்க முன்னக்கூட்டி எதுவும் சொல்லக் கூடாது. கண்ணு கூடக் காட்டக் கூடாது. காட்டுனா செல்லாது.”

வஞ்சி திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைக் கோத்துக்கொண்டாள். கேட்பார்கள், இன்றைக்குக் கேட்பார்கள், எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் மாமா என்று உள்ளுக்குள்ளேயே கத்தினாள். ஒரு வார்த்தை வெளியே விட முடியவில்லை. இரண்டு தரம் அழுத்தினாள். அவர் குனிந்து அவள் கையைப் பார்த்தார், ஒரு தரம் திருப்பி அழுத்தினார். நர்சு மருந்தேற்றும் பம்பில் புதுக் குழாயை மாட்டி, ஊசியைப் பொருத்திவிட்டுப் போனாள்.

தமயந்தி வந்தாள். நாற்காலியின் பக்கத்தில் இருந்த பொத்தான் ஒன்றை அழுத்தியதும் மேலே நீல விளக்கு எரிந்தது. அப்படி ஒரு விளக்கு இருப்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. கூடமே திரும்பிப் பார்த்தது. சட்டத்தில் என்ன வாசகம் இருக்கிறதோ அதை அப்படியே சொன்னாள்.

“நாச்சிமுத்து அவர்களே, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?”

கெட்ட வார்த்தையைக் கேட்டது போல இரண்டு பேர் பதறினார்கள். ஒரு கிழவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அந்தக் கேள்வியை அந்தக் கட்டடத்தில் இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லை.

நாச்சிமுத்து பதறிப்போய் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். குழாய் இழுத்ததும் அப்படியே நின்று, ஒரு கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் மலரச் சிரித்தார்.

“நல்லாருக்கேனுங்க டாக்டரு. நீங்க சௌக்கியமுங்களா?”

நீல விளக்கு பச்சையாக மாறியது. “பதில் பெறப்பட்டது. நோயாளி நலம். இரட்டை அளவு தொடங்குகிறது” என்றது கூரைக் குரல். பம்ப் மெல்ல முனக ஆரம்பித்தது. தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

“எதுங்க மாமா நல்லாருக்குது?” வஞ்சி எழுந்து நின்று கத்தினாள். மெஸ்ஸில் கத்துகிற அதே குரல். “கொதிகஞ்சியில நின்னீங்களே, அது நல்லாருக்குதா? காலு பொத்துப்போயி உறையோட ஒட்டிக் கெடக்குதே, அது நல்லாருக்குதா?”

முதல் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

“எரியட்டும்! எத்தன வெளக்கு வெச்சிருக்கறானுகளோ அத்தனையும் எரியட்டும்! வாயில்லாத சீவனுக்குக்கூட நோவுன்னா கத்தறதுக்கு உரிமை இருக்குது. எங்களுக்கு இல்லையா? வலிக்குதுன்னு சொன்னா மாசா?”

இரண்டாவதும் எரிந்தது. நாச்சிமுத்து மிரண்டுபோய் அவளை உட்காரவைக்கப் பார்த்தார்.

“அம்மிணி, அம்மிணி... அத்தனை பெரிய டாக்டரு நம்மள மதிச்சு வந்து கேக்கறாங்க. நல்லாருக்கேனுங்கன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்லறது? நாலு பேருக்கு முன்னால அழுகவா முடியும்?”

அந்த மனுசன் மேல் அவளுக்கு வந்த கோபம் அந்த நொடியிலேயே உடைந்துபோனது. அவர் பொய் சொல்லவில்லை. யார் கேட்டாலும் அப்படிச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். கேட்பதையே நிறுத்திவைத்திருந்துவிட்டு, ஆயுசுக்கு ஒரு தடவை, சபை நடுவில், விளக்குப் போட்டுக் கேட்டால் எந்த மானமுள்ள மனுசன்தான் உள்ளதைச் சொல்லுவான்? நாளைக்குப் பேரவை இதையே எடுத்துக் காட்டும். கேட்டோமே, நலம் என்றுதானே சொன்னார் என்று.

அவள் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“டாக்டருக்குச் சொல்ல வேண்டாமுங்க. எனக்குச் சொல்லுங்க. நாந்தான் கேக்கறேன். எப்படி இருக்கறீங்க?”

அவர் அவள் கையைப் பார்த்தார். இரண்டு கைகளும் இன்னும் கோத்தபடியே இருந்தன. வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு கோணிக்கொண்டது.

“நீ என்ற கையப் புடிச்சிருக்கறே. அது பாத்தாத்தான் எனக்குத் தெரியுது அம்மிணி. கண்ண அக்கட்ட திருப்பிக்கிட்டா நீ இருக்கறயா, எந்திரிச்சுப் போயிட்டயான்னு தெரியறதில்ல. தையில இருந்தே இப்படித்தான்.”

மூன்றாவது விளக்கு எரிந்தது. “சொல்மாசு. நோயாளி நீக்கப்படுகிறார்” என்றது கூரைக் குரல். பம்ப் முனகலை நிறுத்திக்கொண்டது. புதுக் குழாயில் மருந்து பாதித் தூரம் வந்து நின்றுபோயிருந்தது. தமயந்தி அதை ஒரு தரம் பார்த்தாள். நர்சைக் கூப்பிடவில்லை, தானே மண்டிபோட்டு உட்கார்ந்து ஊசியைக் கழற்றினாள்.

வஞ்சிக்கு எதுவும் காதில் விழவில்லை. தை, மாசி, பங்குனி. அத்தனை திங்கட்கிழமைகளும் அவர் குனிந்து குனிந்து பார்த்தது அவள் கண்ணுக்கு முன்னால் வந்துபோனது. ஆசை என்று நினைத்தாளே! வெட்கப்பட்டாளே! பாவிகள், ஒரு வார்த்தை கேட்க விட்டிருந்தால் தையிலேயே தெரிந்திருக்குமே!

அவள் அவர் விரல்களை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இங்க தெரியுதுங்களா?”

“இல்ல.”

கையை மேலே நகர்த்தினாள். “இங்க?”

“இல்ல அம்மிணி.”

முழங்கைக்கு வந்தாள். “இங்க?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். “என்னமோ துணி பட்டாப்பல இருக்குது.”

இன்னும் மேலே, தோளுக்குக் கீழே, சட்டைக் கைக்கு உள்ளே கையை விட்டுச் சதையை அழுத்திப் பிடித்தாள்.

“தெரியுது” என்றார் அவர். கண்ணை மூடியபடியே, “நீதான். தெரியுது” என்றார்.

அங்கேயே பிடித்துக்கொண்டு அவரை எழுப்பினாள். ஒவ்வொரு அடிக்கும் தரையைப் பார்த்துப் பார்த்து அவர் நடந்தார். அவர்களுக்குப் பின்னால், அடுத்த நாற்காலியில் தன் கணவரின் கையைக் கோத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், கோத்திருந்த கைகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

“ஏனுங்க” என்று கேட்டாள், “உங்களுக்கு என்ற கை தெரியுதுங்களா?”

அந்த நாற்காலிக்கு மேலேயும் விளக்கு எரிந்தது.